கரடி வட்டப் பாதையில் ஒரு நடுத்தரக் கத்தி

முதல் நாள்: ஹவுத்தயார்வி – சவிலம்பி

பின்லாந்தின் வடகிழக்கில், ஆர்க்டிக் வட்டக்கோட்டை ஒட்டிய ஹவுத்தயார்வியில் தொடங்கித் தெற்கே ரூகா குன்றில் முடிகிறது கர்ஹுன்கியெர்ரோஸ் என்னும் கரடி வட்டப் பாதை. மொத்தம் 82 கி.மீ. பெரும்பகுதி 1956-இல் அமைக்கப்பட்ட ஔலங்கா தேசியப் பூங்காவுக்குள் போகிறது. செப்டம்பரில் பிர்ச் இலைகள் மஞ்சளாகிவிடும், மழை அடிக்கடி வரும், இரவில் குளிர் உறைநிலையைத் தொடும். விறகும் கத்தியும் தினமும் கைக்கு வரும் பருவம் இது. இந்த நாட்குறிப்பு முழுக்க அந்தக் கத்தியைப் பற்றியதுதான்: நடுத்தர அளவுள்ள, மடக்க முடியாத ஒரு கத்தி, நடையின் ஒவ்வொரு நாளும் என்னென்ன வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது.

முதலில் நீளம். அலகு 10 முதல் 11 செ.மீ. இருந்தால் இந்தப் பாதைக்குப் போதும். 8 செ.மீ.க்குக் குறைந்தால் விறகு பிளப்பது கடினம். 15 செ.மீ.க்கு மேலே போனால் முனை விரல்களிலிருந்து வெகுதூரம் விலகிவிடும். மீன் வயிற்றைக் கீறும்போதும் குச்சியில் வெட்டுவாய் எடுக்கும்போதும் கை தடுமாறும்.

நீளத்தைவிடக் கனத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 5, 6 மி.மீ. கனத்தில் ‘உயிர்காக்கும் கத்தி’ என்ற பெயரில் விற்கிறவை பார்க்க உறுதியாக இருக்கும்; காய் நறுக்கவும் மரம் சீவவும் லாயக்கில்லாதவை. 2.5 முதல் 3.2 மி.மீ. சரியான கனம். சுவீடனில் மோரா ஊருக்கு அருகே ஓஸ்ட்னோரில் 1891-இல் தொடங்கிய பட்டறையின் வழிவந்த மோரா கத்திகளில் பல இந்த வரம்புக்குள் வருகின்றன. அவற்றில் கார்பெர்க் என்ற மாடலை அளவுகோலாக வைத்து எழுதுகிறோம்: அலகு 109 மி.மீ., முதுகின் கனம் 3.2 மி.மீ., துருப்பிடிக்காத 14சி28என் எஃகு. அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடுகிறது. ஃபால்க்னிவென் எஃப்1, பின்லாந்தின் பூக்கோ வகைகள் என்று வேறு நல்ல கத்திகளும் உண்டு. முறைகள் பெரும்பாலும் ஒன்றே.

மோராவிலும் பூக்கோவிலும் கூர் ஒற்றைச் சரிவாக இருக்கும். அலகின் பக்கவாட்டில் பாதி உயரத்துக்குக் கீழே ஒரே தட்டையான சரிவு தொடங்கி நேராக வெட்டும் விளிம்புக்கு இறங்கும். இரு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 25 டிகிரி. 3.2 மி.மீ. கனமுள்ள அலகில் இந்தச் சரிவு சுமார் 7 மி.மீ. அகலம் வரும். மரத்தின்மேல் கத்தியைச் சாய்த்து வைக்கும்போது இந்த அகலமே இழைப்புளியின் அடித்தட்டு போல நின்று கோணத்தைக் காட்டிக்கொடுக்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல கூர் கிடையாது.

உறையை எங்கே தொங்கவிடுவது என்பதை நடக்கத் தொடங்குமுன்பே முடிவு செய்ய வேண்டும். முதுகுப்பையின் இடுப்புப் பட்டை, பெல்ட்டில் மாட்டிய உறையை அழுத்தி விலாவில் குத்தும். உட்காரும்போது பிடி மேலே தள்ளப்பட்டு உறையிலிருந்து கழன்றும் போகலாம். உறையை ஒரு வளையத்தில் தாழத் தொங்கவிடுவது ஒரு வழி. நடக்கும்போது பைக்குள் வைத்துவிட்டு, முகாமில் மட்டும் பெல்ட்டில் மாட்டுவது அதைவிட நல்ல வழி. சவினாயோகி ஆற்றோரம் பலகைப்பாதைகள் மழையில் வழுக்கும். விழும்போது கழுத்திலோ இடுப்பின் முன்பக்கமோ கத்தி இருக்கவே கூடாது.

இன்றைய கத்தி வேலை, நடுவில் ரொட்டி அறுத்ததோடு சரி. சவிலம்பி குடிலில் விறகு பற்றி நாளை எழுதுகிறோம். இன்று எல்லாம் ஈரம்.

இரண்டாம் நாள்: ஔலங்கா பள்ளத்தாக்கு – தைவல்கொங்காஸ்

தேசியப் பூங்காவில் மரம் வெட்டக் கூடாது. நிற்கும் பட்டமரத்திலிருந்து கிளை ஒடிக்கவும் பிர்ச் பட்டையை உரிக்கவும் கூடாது. தீ மூட்டக் குறிப்பிட்ட இடங்கள் உண்டு; அங்கே மெட்சாஹல்லிதுஸ் என்னும் அரசு வனத்துறை நிறுவனம் விறகுக் கொட்டகை வைத்துப் பராமரிக்கிறது. குடில்களின் கொட்டகையில் பெரும்பாலும் கோடாலியும் ரம்பமும் இருக்கும். காட்டுத்தீ எச்சரிக்கை இருக்கும் நாட்களில் திறந்தவெளியில் தீயே கூடாது. ஆகவே இங்கே கத்தியின் வேலை விறகு தேடுவதில் இல்லை. கொட்டகையிலிருந்து எடுத்த ஒரு கட்டையை, ஒரே தீக்குச்சியில் பற்றும் சிராயாக மாற்றுவதுதான் அதன் வேலை.

கட்டையைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். கணு இல்லாத, நார் நேராக ஓடும் கட்டை வேண்டும். பட்டையில் நெடுக்காக ஓடும் வெடிப்பு நேராக இருந்தால் உள்ளே நாரும் பெரும்பாலும் நேராக இருக்கும். இரண்டு கட்டைகளை மோதிப் பார்த்தால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது பொத்தென்று அடங்கும். பிளந்த பக்கத்தைக் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று ஒட்டுவது ஈரம். பைனும் பிர்ச்சும் கலந்து கிடந்தால் சீவுவதற்குப் பைனை எடுங்கள். பிசின் படிந்த செந்நிற உள்கட்டை மழையிலும் பற்றும். பிர்ச் கட்டையில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டையை எறிய வேண்டாம்.

பெரிய கட்டையைக் கோடாலியால் பிளந்துகொள்ளுங்கள். கோடாலி இருக்கும் இடத்தில் கத்தியை வைத்து 12 செ.மீ. கட்டையைத் தட்டிப் பிளப்பது கத்திக்குக் கேடு, வேறு பயனில்லை. கோடாலி பிளந்துதரும் 5, 6 செ.மீ. துண்டிலிருந்துதான் கத்தி தொடங்குகிறது.

தட்டிப் பிளக்கும் கணக்கு எளிது. அடிப்பதற்கு அலகின் முனை மறுபக்கம் குறைந்தது 3 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 109 மி.மீ. அலகில் அதைக் கழித்து, பிடியருகே கொஞ்சம் விட்டால், பிளக்கக்கூடிய கட்டையின் அகலம் 6 செ.மீ., மிஞ்சினால் 7. துண்டை உறுதியான அடிக்கட்டையின்மேல் நிறுத்துங்கள். அலகை நடுவில் வைக்காமல் விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே வையுங்கள். மணிக்கட்டுத் தடிமனில் 30 முதல் 40 செ.மீ. நீளமுள்ள விறகுத் துண்டால் முதுகில் தட்டுங்கள். அலகு முழுக்க உள்ளே இறங்கியபின் நீட்டிக்கொண்டிருக்கும் முனைப் பக்கத்தில் தட்டுங்கள். பிடியைத் தரைக்கு இணையாக, ஒரு பொடி தாழ்த்தியே பிடியுங்கள். பிடி மேலே எழும்பினால் அடி வீணாகும், மணிக்கட்டும் வலிக்கும்.

இதில் கத்தி கெடுவது மூன்று விதமாக. கணுவின்மேல் ஓங்கி அடித்தால் கூர் ஒருபக்கமாகச் சுருண்டுவிடும். சிக்கிய அலகை இடவலமாக நெம்பினால் கூரிலிருந்து சில்லு தெறிக்கும். உறைந்த கட்டையில் இன்னும் சீக்கிரம் தெறிக்கும். பிடிக்குள் மெல்லிய வால் மட்டும் போகும் கத்தியானால் அடி அதிர்ச்சியில் பிடி தளரும். கத்தி சிக்கிக்கொண்டால் அதைத் தொடாதீர்கள். பிளவு தெரியும் இடத்தில் ஒரு மர ஆப்பைச் சீவிச் சொருகித் தட்டுங்கள், கத்தி தானாக விடுபடும்.

இப்போது சுருள் குச்சி. பின்லாந்துக்காரர்கள் கியேஹினென் என்பார்கள். 2 முதல் 3 செ.மீ. தடிமன், 30 செ.மீ. நீளமுள்ள நான்முகக் குச்சி எடுங்கள். ஒரு முனையை அடிக்கட்டையில் ஊன்றி, மறுமுனையை இடக்கையால் பிடித்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். கத்திப் பிடியை முழுக் கையால் பற்றி, மணிக்கட்டையும் முழங்கையையும் மடக்காமல், தோளிலிருந்து கீழே தள்ளுங்கள். வெட்டுவது பிடியை ஒட்டிய பகுதி. முனைப் பகுதிக்குப் போனால் பலம் போய்விடும். சரிவு முழுதும் மரத்தில் படிய வைத்து, பிறகு முதுகை ஒரு நூல் அளவு மட்டும் உயர்த்துங்கள். இழை எழும்பிச் சுருளும். அடியில் 3 செ.மீ. இருக்கையில் நிறுத்தி, அதன் பக்கத்து விளிம்பில் அடுத்த இழை.

முதல் இரண்டு சீவலை மூலையை மழுக்க மட்டும் வையுங்கள். விளிம்பு விளிம்பாகத் திருப்பிக்கொண்டே போனால் ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு புது மூலை கிடைக்கும். மெல்லிய இழை மூலையில்தான் எளிதாக வரும். இழை ஒடிந்து விழுந்தால் கோணம் அதிகம், அல்லது கட்டை ஈரம். கத்தி உள்ளே புகுந்துகொண்டே போனால் நார் குச்சிக்குள் சாய்ந்து ஓடுகிறது. குச்சியைத் தலைகீழாகத் திருப்புங்கள். இழை சுருளாமல் நேராகக் கிடந்தால் கூர் மழுங்கிவிட்டது. நான்கு குச்சி போதும். ஐந்தாவதாக நேரம் செலவழிப்பதைவிடத் தீக்குச்சித் தடிமன், பென்சில் தடிமன், கட்டைவிரல் தடிமன் என்று மூன்று அளவில் ஒவ்வொரு கைப்பிடி சிராய் பிளந்து வையுங்கள். பலருடைய தீ சுருள் குச்சி எரிந்து முடிந்த இடத்தில்தான் அணைகிறது, அடுத்த அளவு தயாராக இல்லாததால்.

தீப்பொறிக் கம்பி வைத்திருந்தால் கூரால் உரசாதீர்கள். முதுகின் விளிம்பு செங்கோணமாக இருக்கும் கத்தியில் முதுகே போதும். கார்பெர்க்கில் அப்படித் தீட்டியே வருகிறது. மலிவான சில மாடல்களில் முதுகு மழுங்கலாக இருக்கும், பொறி வராது. முதலில் அதே முதுகால் பிர்ச் பட்டையின் வெண்மேற்பரப்பைச் சுரண்டி ஒரு தேக்கரண்டி அளவு துகள் எடுங்கள். துகளின்மேல் கம்பியின் நுனியை ஊன்றி, கத்தியை அசைக்காமல் பிடித்து, கம்பியைப் பின்னால் இழுங்கள். கத்தியை முன்னால் தள்ளினால் கை துகள் குவியலில் இடித்துச் சிதறிவிடும்.

சீவும்போது எங்கே உட்காருவது என்பதையும் சொல்லியாக வேண்டும். முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, வேலை முழங்காலுக்கு வெளியே நடக்க வேண்டும். இரு தொடைகளுக்கு நடுவே ஒருபோதும் வேண்டாம். உள்தொடையில் ஓடும் பெருந்தமனி அறுபட்டால் நிமிடக்கணக்கில்தான் அவகாசம். கை நீட்டினால் எட்டும் தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் உறையில் போட்டுக் கொடுங்கள், அல்லது கீழே வையுங்கள், அடுத்தவர் எடுத்துக்கொள்ளட்டும். இருட்டிய பிறகு சீவல் வேலை இல்லை.

மூன்றாம் நாள்: கியூதாகொங்காஸ் – அன்சகாம்ப்பா

கியூதாகொங்காஸ் அருவியோரம் செம்பாறைச் சுவர். அதற்குச் சற்றுத் தள்ளிப் பூங்காவின் தகவல் மையம். இன்று சமையல்.

இந்தக் கத்தியால் சமைக்கும்போது முதலில் கையில் படும் குறை, விரல் கணுக்கள் பலகையில் இடிப்பது. சமையலறைக் கத்தியில் அலகு பிடியைவிடத் தாழ இறங்கியிருக்கும். இதில் பிடியும் அலகும் ஒரே மட்டம். பலகையின் ஓரத்தில், பிடி வெளியே நிற்கும்படி வைத்து நறுக்கினால் பிரச்சினை தீர்ந்தது. பிளந்த விறகின் தட்டையான பக்கமே பலகையாகும். பைனாக இருந்தால் பிசின் வாடை ஏறும், பிர்ச் நல்லது.

கேரட், உருளைக்கிழங்கு போன்ற கெட்டியானவற்றில் அலகு பாதியில் ஆப்பாக மாறிப் பிளந்துவிடும். முதலில் நெடுக்காக இரண்டாக்கி, தட்டைப் பக்கத்தைக் கீழே வைத்து, முனைப் பகுதியால் இழுத்து அறுங்கள்; அங்கே அலகு ஒடுக்கம், பிளப்பது குறையும். வெங்காயத்துக்கும் முனைதான். ரை என்னும் தானியத்தில் செய்த ரொட்டியில் மேலோடு கடினம்: அழுத்தாமல் நீண்ட இழுப்பாக அறுக்க வேண்டும். மக்கரா என்னும் பின்லாந்துத் தொத்திறைச்சியைத் தீயில் வாட்டுமுன் 3 மி.மீ. ஆழத்துக்குச் சாய்வாகக் கீறினால் தோல் வெடித்துக் கொழுப்பு தெறிக்காது.

விறகு சீவிய கத்தியில் பிசின் படிந்திருக்கும். தண்ணீருக்கு அது அசையாது. சமையல் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, சாம்பல் தொட்ட துணியால் முதுகிலிருந்து கூரை நோக்கித் துடைத்து, வெந்நீரில் கழுவிக் காயவைத்து உறையில் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் உறைக்குள் ஈரம் தேங்கும்; மணல் புகுந்தால் ஒவ்வொருமுறை உருவும்போதும் கூர் தேயும். பிளாஸ்டிக் உறையை ஆற்று நீரில் அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும்.

நான்காம் நாள்: யுஸ்ஸின்காம்ப்பா

இன்று முழுக்கத் தீட்டல். நேற்றுவரை செய்த வேலைக்குக் கூர் கண்டிப்பாக மங்கியிருக்கும். வெளிச்சத்தை நோக்கிக் கூரை நேராகப் பிடியுங்கள். நல்ல கூர் கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளிப் புள்ளியாக மின்னும். கட்டைவிரல் நகத்தின்மேல் அலகை மெல்ல வைத்தால் கூரானது பிடித்து நிற்கும், மழுங்கியது வழுக்கும். விரலால் தடவிப் பார்க்க வேண்டாம்.

சுமக்க லேசான தீட்டுக்கல் என்றால், ஒரு பக்கம் வைரத்தூள், மறுபக்கம் பீங்கான் உள்ள சிறு பலகை. ஃபால்க்னிவென் டிசி4 அந்த வகை, 10 செ.மீ. நீளம். வேலை இப்படி:

சரிவின்மேல் முழுக்க மார்க்கர் பேனா மை பூசுங்கள். அலகைக் கல்லில் படுக்கவைத்து, சரிவு முழுதும் படியும்வரை முதுகை உயர்த்துங்கள். விரலின் அழுத்தம் கூருக்கு அருகில். கல்லிலிருந்து ஒரு மெல்லிய ஏட்டைச் சீவி எடுப்பதுபோல் கூரை முன்னிறுத்தி எட்டு, பத்து இழுப்பு. வளைவு வரும் இடத்தில் பிடியைச் சற்றே உயர்த்துங்கள், இல்லையேல் முனை தீட்டப்படாமல் நிற்கும். இப்போது மையைப் பாருங்கள். சரிவின் மேல்பாதியில் மட்டும் மை அழிந்திருந்தால் அலகு தாழ்ந்துவிட்டது. கூரோரத்தில் மட்டும் அழிந்திருந்தால் தூக்கிவிட்டீர்கள். தூக்கித் தீட்டுவதுதான் பெருந்தவறு. சீக்கிரம் கூராகும், ஆனால் ஒவ்வொரு முறையும் கோணம் தடித்து, சில மாதங்களில் கத்தி மரத்தைக் கடிக்கவே மறுக்கும்.

ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே போனால் மறுபக்கம் முழு நீளத்துக்கும் மெல்லிய பிசிறு எழும்பும். அது எழும்பாதவரை அந்தப் பக்கம் முடியவில்லை. எழும்பியதும் மறுபக்கம் திரும்புங்கள். பிறகு பீங்கான் பக்கத்தில் ஐந்து ஐந்தாக, கடைசியில் ஒன்று ஒன்றாக மாற்றி மாற்றி, அழுத்தமே இல்லாமல். முடிவில் தோல் பெல்ட்டின் உட்புறத்தில் கூரைப் பின்னிழுத்து இருபது முறை. பிசிறை எடுக்காமல் விட்டால் கத்தி அப்போது சவரக்கத்தி போல அறுக்கும், அடுத்த பத்து நிமிடத்தில் பிசிறு ஒடிந்து மழுங்கிவிடும். கூர் நிற்கவில்லை, எஃகு மோசம் என்று குறைபடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். வைரக் கல்லில் அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். துகள் உதிரும், கூரில் கீறல் விழும்.

கார்பன் எஃகா, துருப்பிடிக்காததா என்ற சண்டைக்கு எங்கள் பதில்: மழையில் நனையும் இந்த நடைக்குத் துருப்பிடிக்காதது. கார்பன் தீட்ட எளிது, உண்மை. ஆனால் இந்த ஈரத்தில் ஒரே இரவில் செம்புள்ளி விழும், ரொட்டியில் இரும்பு வாடை ஏறும்.

ஐந்தாம் நாள்: யூராவா, யூமா, பொரொந்திமாயோகி

கித்காயோகி ஆறு யூராவாவில் 9 மீட்டர் விழுகிறது. பாதையின் அழகான பகுதி இது. கூட்டமும் இங்கேதான், 12 கி.மீ. சிறு வட்டத்தை ஒரே நாளில் நடப்பவர்கள் வருவதால். கத்தியை இங்கே வெளியே தொங்கவிட வேண்டாம், பைக்குள் இருக்கட்டும்.

மீன் சுத்தம் செய்ய 11 செ.மீ. அலகில் முதல் 3 செ.மீ.தான் வேலை. ஆள்காட்டி விரலை முதுகில் நீட்டிப் பிடியுங்கள். ஆசனவாயில் 4, 5 மி.மீ.க்கு மேல் முனை புகாமல், கூர் வெளியே பார்க்கும்படி செவுள்வரை கீறுங்கள். ஆழமாகப் போனால் பித்தப்பை உடைந்து சதை கசக்கும். செவுளைத் துண்டித்தால் குடல் ஒன்றாக வரும். முதுகெலும்போரம் ஒட்டிய கருஞ்சிவப்பு இரத்தக் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் வழித்தெடுங்கள். பெரும்பாலான பூக்கோக்களிலும் கார்பெர்க்கிலும் விரலைத் தடுக்கும் குறுக்குக் கம்பி கிடையாது. மீன்வழுவழுப்பில் குத்தினால் கை நேராகக் கூரின்மேல் போகும். ஆகவே குத்தும் அசைவு எதற்கும் இந்தக் கத்தி இல்லை.

மாலையில் நேரமிருந்தால் வெண்ணெய்க் கத்தி செய்யலாம். கத்தியைப் பிடிக்கும் முறைகள் எல்லாம் இதில் வந்துவிடும். கொட்டகைப் பிர்ச்சிலிருந்து 18 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனத்தில் ஒரு தட்டைத் துண்டு பிளந்து, கரியால் வடிவம் வரையுங்கள். அதிகப்படியான மரத்தை நேராகத் தள்ளும் வெட்டில் எடுங்கள். கழுத்து வளைவில், கத்தி பிடித்த கை சும்மா நிற்க, மரம் பிடித்த கையின் கட்டைவிரல் முதுகைத் தள்ளட்டும். அலகு ஒரு செ.மீ.தான் நகரும், வழுக்கினாலும் எங்கும் போகாது. வளைவில் எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. பள்ளத்தைத் தாண்டி ஏறினால் நார் கிழியும். மறுபக்கத்திலிருந்து வந்து சந்தியுங்கள். 3 மி.மீ. கனம் வந்ததும் நிறுத்தி, விளிம்புகளின் கூர்மையைச் சீவி எடுத்து, சமையல் எண்ணெய் தடவுங்கள். சீவல்கள் நாளைக் காலைத் தீக்கு.

வெட்டுப்பட்டால்: சுத்தத் துணியால் நேரடியாகப் பத்து நிமிடம் அழுத்துங்கள், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். இரத்தம் பீறிட்டாலோ, விரல் மடங்காமல் போனாலோ, மரத்துப்போனாலோ அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். பின்லாந்தில் 112 சுவோமி என்ற செயலி வழியாக அழைத்தால் நிற்கும் இடமும் சேர்ந்து போகும்.

கடைசி நாள்: கொந்தைனென் – வல்தவாரா – ரூகா

ஏறி இறங்கி, ஏறி இறங்கி 491 மீட்டர் வல்தவாரா. கத்திக்கு வேலையில்லை, மதிய ரொட்டியைத் தவிர.

ரூகா கடைத்தெருவும் பேருந்து நிலையமும் பொது இடங்கள். 2003-இன் பொது ஒழுங்குச் சட்டப்படி பின்லாந்தில் தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருக்கக் கூடாது. காட்டில் நடப்பது தகுந்த காரணம். மதுக்கடையில் இடுப்பில் தொங்கவிடுவது அப்படியல்ல. ஊர் எல்லைக்கு முன்பே உறையோடு பையின் அடியில் வைத்துவிடுங்கள். குசாமோ விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் கத்தியைச் சரக்குப் பையில் மட்டுமே வைக்கலாம். உறை கழன்று பையைச் சோதிப்பவர் கை அறுபடாமலிருக்க, பிடியையும் உறையையும் சேர்த்து டேப் சுற்றுங்கள்.

வீடு சேர்ந்ததும் பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள இடுக்கைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ஒருநாள் காற்றில் விடுங்கள். தோல் உறையானால் கத்தியை அதற்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், பதனிட்ட அமிலமும் சேர்ந்து அலகைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். கார்பன் அலகுக்கு உணவுத் தரமுள்ள மினரல் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவித் தாளில் சுற்றி வையுங்கள். கூர் மங்கியிருந்தால் அடுத்த நடைக்குக் காத்திராமல் அன்றே தீட்டிவிடுங்கள்.